அயோத்திதாசப் பண்டிதர்

நாமக்கல் மாவட்டத்துக் காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்து கொல்லிமலை ஏறுவோர், ஆங்கு வாழும் குடிகள் மலையாளிகள் என வழங்கப்படுதலைக் கேட்டு வியப்பர். அவர்கள் கேரள நாட்டார் அல்லர். தமிழ் பேசும் மலைவாழ் மக்களே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்றும் வந்தோர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. அரசாங்கப் பட்டியலோ அவர்களைப் பழங்குடியினர் என்கிறது. வினவுவோர் யாவர், எதன்பொருட்டு வினவுகின்றனர் என்பதற்கேற்ப ஒரு குடியின் பெயர் இங்ஙனம் வேறுபடுதல் உண்டு. இதனை நன்குணர்ந்து, தம் மக்களுக்குரிய பெயரை நாடுவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அயோத்திதாசப் பண்டிதர்.

அவர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராகக் கொண்டார். சித்த மருத்துவத்தில் வல்லவர். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் பயின்றவர். தம் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லிசு துரையின் கைக்குச் சேர்ப்பித்தவர் என்று பண்டிதர் எழுதியுள்ளார். குறளைப் போற்றிக் காத்த அத்தகைய குடும்பத்தையும் உலகம் தீண்டத்தகாதது என்றே ஒதுக்கிற்று. ஊரார் வாயில் வழங்கிய இழிபெயரே சர்க்கார் ஏட்டிலும் ஏறிற்று. ஏட்டில் ஏறிய பெயர் எளிதில் அழியாது என்பதைப் பண்டிதர் அறிந்திருந்தார்.

ஆதலின் 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, தம் மக்களை ஆதித்தமிழர் எனப் பதிதல் வேண்டும் என்று கோரினார். 1891இல் நீலகிரியில் திராவிட மகாசன சபையை நிறுவினார். மறு ஆண்டு, சென்னையில் நடைபெற்ற மகாசன சபைக் கூட்டத்திற்கு நீலகிரியின் பேராளராகச் சென்றார். நாட்டு மக்கள் அனைவர்க்காகவும் பேசுவதாகக் கூறிக்கொண்ட அவை அது. கோயிலினுள் தம் மக்களுக்கும் இடம் வேண்டும் என்று அவர் கேட்டார், அவையோர் மறுத்துவிட்டனர். பொதுப்பெயருக்குள் தமக்கு இடமில்லை என்பது அன்று அவருக்குத் தெளிவாயிற்று.

அவர்தம் உறவினரான இரட்டைமலை சீனிவாசனார் வேறு வழியை மேற்கொண்டார். பிறர் இழித்துரைத்த பெயரை ஒளித்தல் கூடாது, அதனைக் கொண்டே தலைநிமிர்தல் வேண்டும் எனக் கருதி, 1893இல் பறையன் என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். பண்டிதர் இதற்கு உடன்படவில்லை. இருவர் நோக்கமும் ஒன்றே, பெயரில்தான் வேறுபட்டனர். இவருள் எவர் கூற்றுச் சிறந்தது என்று முடிவுகட்டுதல் எளிதன்று.

1898இல் பண்டிதர் கருனல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். சென்னை திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். அதன்பின் தம் மக்களைப் பூர்வ பௌத்தர் என்றே குறிப்பிட்டார். 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ஒரு பைசாத் தமிழன். கிழமைதோறும் ஒரு பைசாவுக்கு விற்ற அவ்விதழ், மறு ஆண்டு தமிழன் எனப் பெயர் சுருங்கிற்று. தமிழர் என்னும் பெயருக்குச் சாதி பாராதோரே உரியர் என்பது அவர் கொள்கை.

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். எட்டாண்டுகள் சென்றபின், 1922இல், எம். சி. இராசா சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாகப் பழம்பெயர்கள் நீங்கி, ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசாங்க ஏடுகளில் இடம்பெற்றது.