ரெனே லென்னக்

ரெனே தியோபீல் யசேந்த் லென்னக் (பெப்ரவரி 17, 1781 – ஆகஸ்ட் 13, 1826) ஒரு பிரெஞ்சு மருத்துவர் ஆவார். மார்பின் ஒலிகளைக் கேட்க உதவும் ஸ்டெத்தஸ்கோப் கருவியின் முதல் வடிவத்தை 1816 ஆம் ஆண்டு உருவாக்கியவர் இவரே. காசநோய், நுரையீரல் விரிவு, மூச்சுக்குழல் விரிவு முதலிய நீடித்த நுரையீரல் நோய்களை, நோயாளி உயிருடன் இருக்கும்போதே பிரித்தறியும் முறையை இவர் வகுத்தார்.

இளமை

பிரான்சின் பிரித்தானி பகுதியில் உள்ள கெம்ப்பேர் நகரில் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார்; தாய் காசநோயால் இறந்ததாகக் கூறப்படுகிறது. பின்னர் நான்ட் நகரில் மருத்துவராயிருந்த சிற்றப்பன் கியோம் லென்னக்கிடம் வளர்ந்தார். 1801 இல் பாரிசு சென்று கோர்விசாரிடம் பயின்றார். ஆத்திரிய மருத்துவர் ஔவன்புருக்கர் 1761 இல் வெளியிட்ட, மார்பை விரலால் தட்டி நோயறியும் முறை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதை 1808 இல் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுவந்தவர் கோர்விசார். விடுதிக்காரரின் மகனான ஔவன்புருக்கர், பீப்பாய்களைத் தட்டிப் பார்க்கும் வழக்கத்திலிருந்து இம்முறையைக் கண்டார் என்பர்.

மரக்குழல்

1816 இல் லென்னக் பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் பணியில் அமர்ந்தார். அதே ஆண்டில் இவருடைய நண்பரும் காசநோய் ஆய்வாளருமான பெயில் அந்நோயாலேயே மாண்டார். இதயநோய் அறிகுறிகளுடன் வந்த ஓர் இளம்பெண்ணை ஆய்ந்தபோது, அவர் உடல் பருமனால் தட்டிப்பார்த்தல் பயன்படவில்லை. மார்பில் நேரடியாகக் காதை வைப்பதும் முறையாகத் தோன்றவில்லை. லென்னக் தாள்களை இறுகச் சுருட்டி, ஒரு முனையை மார்பிலும் மறு முனையைத் தம் காதிலும் வைத்தார். இதய ஒலி முன்னிலும் தெளிவாகக் கேட்டது.

பின்னர், ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள, நடுவே துளையிட்ட மர உருளையைத் தம் கையாலேயே கடைந்து செய்தார். இவர் புல்லாங்குழல் வாசிப்பவர் என்பது குறிப்பிடத்தக்கது. உருளையின் முனையில் கழற்றத்தக்க அடைப்பு ஒன்று இருந்தது. குரலையும் இதயத்தையும் கேட்க அதைப் பொருத்திக்கொள்ளலாம். மூச்சொலியைக் கேட்க அதைக் கழற்றிவிட வேண்டும். ஒரு மரத்துண்டும் கடைசல் எந்திரமும் போதும். இதைவிட மலிவான மருத்துவக் கருவி அரிது எனலாம்.

'மார்பு', 'பார்த்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து இக்கருவிக்குப் பெயர் அமைந்தது. தமிழில் இதயத்துடிப்புமானி என்ற சொல் வழங்கினாலும், அது முழுதும் பொருந்துவதாகத் தெரியவில்லை. இக்கருவி எதையும் அளப்பதில்லை. லென்னக் இதைக் கொண்டு பெரிதும் ஆராய்ந்ததும் நுரையீரலையே.

ஒலியும் நோயும்

கருவியை விட முக்கியமானது இவர் அதைப் பயன்படுத்திய விதம். படுக்கையருகே கேட்ட ஒலியைக் குறித்துக்கொண்டு, நோயாளி இறந்தபின் உடலைத் திறந்து அதன் காரணத்தைத் தேடினார். சில ஒலிகளைச் சூடான சட்டியில் வெடிக்கும் உப்புக்கும், சிலவற்றைப் புறாவின் அகவலுக்கும் ஒப்பிட்டார். நோயாளி பேசும் சொற்கள் மார்பிலிருந்தே நேராக வருவன போல் குழலில் கேட்டால், அவ்விடத்தில் காசநோய் குடைந்த பொந்து இருக்கும் எனக் கண்டார். மூச்சொலி மிகவும் நலிந்திருப்பது நுரையீரல் விரிவின் அடையாளம். இவற்றைத் தொகுத்து 1819 இல் இரு பாகங்களாக நூல் வெளியிட்டார். கல்லீரல் சுருக்க நோய்க்குச் 'சிரோசிஸ்' என்ற பெயரும் இந்நூலில்தான் முதலில் வந்தது. எனினும், காசநோய் தொற்றும் என்பதை இவர் ஏற்கவில்லை. அதன் கிருமியை ராபர்ட் காக் 1882 இல்தான் கண்டறிந்தார்.

இறப்பு

உடல்நலம் குன்றியதால் 1819 இல் பிரித்தானி திரும்பிய லென்னக், 1821 இல் மீண்டும் பாரிசு வந்தார். 1822 இல் பிரான்சுக் கல்லூரியில் பேராசிரியரானார். 1826 இல் நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்த வேளையில் இவரே காசநோய்வாய்ப்பட்டிருந்தார். தம் மார்பைக் கேட்டுச் சொல்லுமாறு அண்ணன் தம்பி வழி உறவினரும் மருத்துவருமான மெரியாதெக்கிடம் கூறினார். மெரியாதெக் விவரித்த ஒலிகள் லென்னக் பலரிடம் கேட்டுப் பழகியவையே. அதே ஆண்டு ஆகஸ்டில், 45 ஆம் வயதில் காலமானார். தம் குழலை மெரியாதெக்குக்கு விட்டுச்சென்றார்.

தமிழ்நாட்டில்

இங்கிலாந்தின் மெண்டிப் மலைக் காசநோய் இல்லத்தில் 1917 இல் கணிதமேதை இராமானுசனுக்கு மருத்துவம் பார்த்த டேவிட் சௌரி முத்து, 1928 இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். இராமானுசனுக்கு இருந்தது காசநோயன்று, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாகலாம் என 1994 இல் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். காதையும் கண்ணையும் மட்டும் நம்பிய நோயறிதலின் எல்லையை இது காட்டுகிறது. 1956 இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என 1959 இல் நிறுவியது. அதன் பிறகு சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதே ஊர்ப்புறங்களில் முதன்மைச் சோதனையாயிற்று.

லென்னக்கின் இறுதிக் காலமான 1820களில்தான் சேலம் ஆட்சியர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். இம்மலைச் சிற்றூரில் இருமலோடு வாழும் ஒருவர், ஏற்காட்டைக் கடந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் சேலத்தின் பெரிய மருத்துவமனையை அடைய முடியும். அப்பயணம் தேவையா என்பதை முடிவு செய்ய முதலில் உதவுவது ஸ்டெத்தஸ்கோப்பே. புகைபிடிக்காத பெண்களுக்கும் விறகடுப்புப் புகையால் நாட்பட்ட மூச்சடைப்பு நோய் வரும். மூச்சை வெளிவிடும் நேரம் நீள்வதும் கீச்சொலியும் அதன் குறிப்புகள். ஆனால் இவை இல்லாமலும் நோய் இருக்கலாம். அதை உறுதிசெய்யப் பிரித்தானிய மருத்துவர் ஹட்சின்சன் 1846 இல் அறிமுகப்படுத்திய மூச்சளவியின் வழிவந்த கருவியில் ஊதிப் பார்க்க வேண்டும். விரல்நுனியில் மாட்டும் ஆக்சிசன் மானியும் இன்று மலிவாகக் கிடைக்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில், நலமுள்ளோருக்கும் அதன் அளவு சமவெளியை விடச் சற்றுக் குறைவாக இருக்கக்கூடும்.