குரலுரிமை கோரிய ஆபிரகாம் பாராக் சேலம்

யூதர்தம் வழிபாட்டில் சபையோர் சார்பில் இறைவேண்டலை இசையோடு ஓதி நடத்துபவரை ஹஸ்ஸான் என்பர். தோரா வேதத்தை ஓத அழைக்கப்பெறுதலும் அவர்களுக்குப் பெரும்பேறே. கொச்சி யூதர்கள் ரப்பி எனும் குருமாரின்றி, ஓதவல்ல பெரியோரைக் கொண்டே வழிபாட்டை நடத்தி வந்தனர். ஆகவே, எவர் குரல் ஒலிக்கலாம் என்பது அங்கு மதிப்பைப் பற்றிய வினாவுமாயிற்று.

1568இல் எழுந்த மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர் எனக் கருதப்பட்டோர்க்கு அப்பேறு மறுக்கப்பட்டது. உள்ளே இருக்கையும் இல்லை. அக்குடியில் 1882இல் தோன்றியவரே சேலம். (பெயரைக் கண்டு நம் மாங்கனி நகரை எண்ண வேண்டா!) சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார், கொச்சிச் சட்டமன்றத்திலும் அமர்ந்தார். சட்டமன்றத்தில் ஒலித்த குரலுக்குத் தம் ஜெபாலயத்தில் இடமில்லை. காந்தியடிகளின் அறப்போர் நெறியை அவர் அங்கும் கைக்கொண்டார். ஒருகாலம் ஜெபாலயத்தையே புறக்கணித்தார். ஆண்டுகள் பல கடந்தே தடைகள் தளர்ந்தன: முதலில் இருக்கை, பின்னர் ஓதும் உரிமை.

தொழுகைக்கு அழைக்கும் முதற்குரலாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தேர்ந்தது, அடிமைத்தளையினின்று விடுபட்ட பிலால் (ரலி) அவர்களை. எனினும் இன்று நம் மோதினார்களை நாம் நடத்தும் முறையை எண்ணின், பிறரைக் குறைகூற நமக்கு நாவெழவில்லை.

1948க்குப் பின் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த தம் மக்களுக்குத் துணைநின்ற சேலம், தாம் மட்டும் மட்டாஞ்சேரியிலேயே தங்கி, 1967இல் மறைந்தார்.