‘இடி’ பலோகன்

கால்பந்து ஆட்டக்காரன் ஒருவனுடைய பெருமையை அளப்பது எளிது என்று நாம் நினைக்கிறோம். எத்தனை கோல் அடித்தான் என்று கேட்கிறோம். எண்ணைச் சொல்லிவிட்டால் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்து வாதம் அத்துடன் முடிந்துவிடுகிறது. அந்த எண்ணுக்குள் அடங்காத ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். இங்கிலாந்தின் லீக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே 13 ஆட்டங்கள், 3 கோல்கள் என்றுதான் இருக்கும். ஆனால் அவருடைய நாட்டில், லாகோஸ் நகரத்தில், ஒரு பெரிய விளையாட்டரங்கமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த இரண்டில் எது சரியான கணக்கு?

அவர் பெயர் டெஸ்லிம் பலோகன். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியா நாட்டவர். பலோகன் என்ற சொல்லுக்கு யொரூபா மொழியில் படைத்தலைவன் என்று பொருள். அந்தப் பெயரும் போதாது என்று கருதினார்கள் போலும் லாகோஸ் மக்கள். ‘இடி’ என்று அவருக்கு மற்றொரு பெயர் சூட்டினார்கள். அவர் காலிலிருந்து புறப்பட்ட பந்தின் வேகம் அப்படி.

அவர் இளைஞராக இருந்தபோது நைஜீரியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்களும் ஆங்கிலேயரே. ரயில்வே, துறைமுகம், போலீஸ், வங்கி என்று ஒவ்வோர் அலுவலகமும் ஓர் அணி வைத்திருந்தது. நன்றாக ஆடுபவனுக்கு வேலை கிடைக்கும். வேலை கிடைத்தவன் மாலையில் மைதானத்துக்கு வருவான். நம் நாட்டிலும் ரயில்வே அணியும் போலீஸ் அணியும் இப்படி வளர்ந்தவைதாமே! 1945-ஆம் ஆண்டு கவர்னர் கோப்பை என்ற பெயரில் அங்கே ஒரு போட்டி தொடங்கியது. பிற்காலத்தில் சாலஞ்ச் கோப்பை என்று பெயர் மாறிய அந்தப் போட்டியே நைஜீரியக் கால்பந்தின் தாய் என்று சொல்லலாம். ரயில்வே அணி, பான் பேங்க் அணி ஆகியவற்றின் சென்டர் பார்வர்டாக நின்று பலோகன் புகழ் பெற்றது இந்தக் களத்தில்தான்.

1949-ஆம் ஆண்டு நைஜீரியாவிலிருந்து ஓர் அணி கப்பலேறி இங்கிலாந்து சென்றது. ஆகஸ்டு மாத இறுதியில் லிவர்பூலில் இறங்கிய அந்த அணியில் பலோகனும் ஒருவர். எட்டிம் ஹென்ஷா தலைவர். வந்த வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாமல், கணுக்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு வெறுங்காலுடன் ஆடினார்கள். வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டம் முதல் ஆட்டத்திலேயே வியப்புற்றது. கிராஸ்பியில் மரீன் என்ற அணியை அவர்கள் 5–2 என்று வென்றார்கள். பயணத்தில் ஆடிய ஒன்பது ஆட்டங்களில் வெற்றியைவிடத் தோல்வியே மிகுதி. இருந்தும் அவர்களுடைய வேகத்தையும் பந்தைக் கையாளும் நயத்தையும் இங்கிலாந்து கண்டுகொண்டது.

இந்தியர்களாகிய நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர், 1948 ஜூலை 31 அன்று, லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. நம்மவரிலும் பெரும்பாலோர் வெறுங்காலர்களே. இரண்டு பெனால்டிகளை வீணாக்கி 2–1 என்று தோற்றோம். நம் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். வெறுங்கால் என்பதை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. காய்ந்த, கெட்டியான தரையில் பந்தைத் தோலோடு தோலாக உணர்ந்து ஆடிப் பழகிய கால் அது. அதன் கலை வேறு. ஆனால் மழையில் ஊறிய ஆங்கிலப் புல்வெளியில் அந்தக் கலைக்குப் பிடிமானம் இல்லை. திறமை ஒரு மண்ணில் வளர்கிறது. தேர்வு வேறொரு மண்ணில் நடக்கிறது. பலோகனுடைய வாழ்க்கையின் சிக்கலே இதுதான்.

ஊர் திரும்பும் வழியில் அந்த அணி சியரா லியோனின் பிரீடவுன் நகரத்தில் இறங்கி, அக்டோபர் 8-ஆம் நாள், அந்நாட்டு அணியை 2–0 என்று வென்றது. நைஜீரியாவின் முதல் சர்வதேச ஆட்டமாக இன்று கருதப்படுவது அதுவே.

ஆறு ஆண்டுகள் சென்றன. 1955-இல் பலோகன் மீண்டும் இங்கிலாந்து சென்றார். இம்முறை அணியோடு செல்லவில்லை. ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ள எண்ணிச் சென்றார். பீட்டர்பரோ யுனைடெட், அதன்பின் ஸ்கெக்னஸ் டவுன் என்ற சிறு அணிகளில் சேர்ந்தார். 1956-இல் லண்டன் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அப்போது அது மூன்றாம் டிவிஷன் தெற்குப் பிரிவில் இருந்தது. அந்த லீகில் களமிறங்கிய முதல் நைஜீரியர்களில் அவர் ஒருவர். 13 லீக் ஆட்டங்களும் 3 கோல்களும் அங்கே கிடைத்தவைதாம். பிறகு ஹோல்பீச் யுனைடெட் என்ற சிறு அணியில் சிறிது காலம் ஆடிவிட்டு நாடு திரும்பினார்.

இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நான் வேறு விதமாக எண்ணிப் பார்க்கிறேன். அவருக்கு முன்னர் அங்கே பாதை இருந்ததா? அக்ராவில் பிறந்த ஆர்தர் வார்ட்டன் என்ற கோல்கீப்பர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் தொழில்முறையாக ஆடியவர். 1930-இல் இறந்த அவருடைய கல்லறைக்கு ஒரு கல் நாட்ட 1997 வரை ஆயிற்று! பாதை அவ்வளவு மறைந்து கிடந்தது. செல்வம் குவிக்கும் தொழிலாகவும் அன்று அது இல்லை. 1961 வரை ஆட்டக்காரரின் வாரச் சம்பளத்துக்கு உச்ச வரம்பு உண்டு. கடைசி ஆண்டுகளிலேயே அது 20 பவுன்தான். குளிரும் சேறும் புது மொழியும் புது முறையும் சூழ, இளமையின் சிறந்த ஆண்டுகளை லாகோஸில் செலவிட்டுவிட்டு வந்த ஒருவர் அடித்தவை அந்த மூன்று கோல்கள்.

அவருடைய பெருமை திரும்பி வந்ததில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கற்றதை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. முறையாகப் பயிற்சியாளர் தகுதி பெற்று, பிறருக்குக் கற்பிக்கும் வேலையை மேற்கொண்டார். 1960-இல் நாடு விடுதலை பெற்றது. 1967-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. நாடு இரண்டுபட்டுக் கிடந்த 1968-இல் நைஜீரியக் கால்பந்து அணி முதன்முறையாக ஒலிம்பிக்குச் சென்றது. மெக்சிகோ சென்ற அந்த அணியை உருவாக்குவதில் பலோகனுக்கும் பங்கு உண்டு. ஜப்பானிடமும் ஸ்பெயினிடமும் அந்த அணி தோற்றது. ஆனால் பிரேசிலோடு 3–3 என்று சமன் செய்தது. வெறுங்காலோடு கப்பலேறிப் பத்தொன்பது ஆண்டுகளில் பிரேசிலுக்கு மூன்று கோல்கள்!

1972-இல், நாற்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே, அவர் காலமானார். லாகோஸின் சுருலேரே பகுதியில் 1984-இல் தொடங்கிய விளையாட்டரங்க வேலை பல ஆண்டுகள் இழுத்து, 2007-இல்தான் திறப்பு விழா கண்டது. அதற்கு டெஸ்லிம் பலோகன் பெயரை வைத்தார்கள்.

அவர் காணாமற்போனதை ரஷீதி யெகினி கண்டார். போர்ச்சுகல் நாட்டின் விட்டோரியா செடூபால் அணிக்காக 1993–94 பருவத்தில் 21 கோல்கள் அடித்து லீகிலேயே முதலிடம் பெற்றார். 1994 ஜூன் 21 அன்று, அமெரிக்காவின் டாலஸ் நகரத்தில், பல்கேரியாவுக்கு எதிராக நைஜீரியாவின் முதல் உலகக் கோப்பைக் கோலை அடித்தார். அடித்தவர் வலையைப் பற்றிக்கொண்டு கண்ணீர் விட்டார். 2012-இல் மறைந்த அவருடைய நாட்டுக் கணக்கு 37 கோல்கள். அவரைக் கொண்டாடாதவர் இல்லை; கொண்டாட வேண்டியதுதான். ஆனால் 37-க்கு அடியில் அந்த 3 இருக்கிறது. அடித்தளத்தைக் கண்ணால் காண முடியாது என்பதற்காக வீடு அந்தரத்தில் நிற்பதாகச் சொல்லலாமா?

நண்பர்களே, நாமும் பழகிய மண்ணை விட்டு வேறு மண்ணில் தேர்வு எழுத வந்தவர்கள். நம்மில் சிலருடைய எண்கள் பெரியவையாக இருக்கும். பலருடையவை 13, 3 என்றே முடியும். எண் சிறிதானால் வாழ்வும் சிறிது என்று யாரும் மனம் தளர வேண்டாம். கற்றதை அடுத்தவனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோமா என்று ஒரு கேள்வி உண்டு. பலோகன் அதற்கு ஆம் என்று சொல்லிவிட்டுப் போனார்.