பெத்துநாயக்கன்பேட்டையில் தோற்றவர்

யூனியன் எலெக்‌ஷன்ல தோத்துட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் நண்பா, இது உனக்குத்தான்!

1935. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. வயசு 25, 26தான். பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. முடித்துத் தொழிற்சங்கப் பணியில் இறங்கியவர். நீதிக்கட்சி சார்பில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டையில் நின்றார். தோற்றார்.

துவண்டாரா? இல்லே. எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். 1949-ல் தி.மு.க.வைத் தொடங்கினார். 1957-ல் காஞ்சிபுரத்தில் வென்றார். 1962-ல் கட்சி 50 இடங்களைப் பிடித்தது. தலைவரோ சொந்த ஊரிலேயே தோற்றார்! மாநிலங்களவைக்குப் போய் அங்கே வாதாடினார். 1967-ல் முதலமைச்சர். அந்த ஆண்டே நம்ம மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' எனப் பெயரிடத் தீர்மானம்.

1969 பிப்ரவரி 3-ல் மறைந்த அறிஞர் அண்ணா, 1935-லேயே ஒதுங்கிப் போயிருந்தா? யோசி நண்பா!