தாயில்லார்க்குத் தாய்: டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்

அயல்நாட்டிலிருந்து வந்து நம் மண்ணில் தொண்டாற்றிய கிறித்தவப் பெரியார்களைத் தமிழ் மாணவர் நன்கறிவர். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லையும், திருவாசகத்தை ஆங்கிலமாக்கிய போப்பையும் அறியாமல் தமிழ்ப் பட்டம் பெறுதல் இயலாது. அவர்கள் தமிழ்மொழிக்குத் தொண்டு செய்தவர்கள். அதே நெல்லைச் சீமையில், தமிழ்நாட்டுப் பெண்குழந்தைகளுக்காகத் தம் வாழ்வின் 55 ஆண்டுகளை ஈந்த அம்மையார் ஒருவரை நம் மாணவருள் பலர் பெயரளவிலும் அறியார். அவர்தாம் டோனாவூர் ஏமி கார்மைக்கேல்.

சங்கரன்கோவிலிலிருந்து தெற்கே சென்று, திருநெல்வேலியைக் கடந்து, நாங்குநேரி வட்டத்துள் நுழைந்தால் மேற்கு மலையடியில் டோனாவூர் அமைந்திருக்கக் காணலாம். களக்காடும் ஏர்வாடியும் திருக்குறுங்குடியும் சூழ்ந்த பகுதி அது. 2019-இல் தென்காசி மாவட்டம் தோன்றும் வரை சங்கரன்கோவிலும் டோனாவூரும் ஒரே மாவட்டத்து ஊர்களாக இருந்தன. அண்டை வீட்டார் செய்த அருஞ்செயலை அறியாதிருத்தல் நமக்கு அழகன்று. ஆதலின் அவ்வம்மையாரின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இளமையும் பயிற்சியும்

அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை நடத்தியவர். மக்கள் எழுவருள் ஏமியே மூத்தவர். தம் பழுப்புநிறக் கண்கள் நீலமாக மாறவேண்டும் என்று சிறுவயதில் இறைவனை வேண்டி, விடிந்ததும் கண்ணாடியில் பார்த்து ஏமாந்தார் என்பது அவரைப் பற்றிப் பலரும் கூறும் செய்தி. பின்னாளில் தமிழ்ப் பெண்களிடையே சேலையுடுத்து உலவியபோது அப்பழுப்புக் கண்களே அவருக்குத் துணையாயின என்பர்.

அவருடைய 17-ஆம் வயதில், 1885-இல், தந்தையார் காலமானார். குடும்பம் பெல்பாஸ்ட் நகரில் இருந்தபோது, அங்குள்ள துணி ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள்பால் அவர் உள்ளம் சென்றது. தொப்பி வாங்க வசதியின்றிச் சால்வையால் தலையை மூடி வந்த அப்பெண்கள் ஆலயத்தினுள் தம்மோடு அமர்வதை வசதி படைத்தோர் விரும்பவில்லை. ஏமி அம்மையாரோ அப்பெண்களுக்கெனவே தகரக் கூரையிட்ட பெரிய மண்டபம் ஒன்றை 1889-ஆம் ஆண்டளவில் எழுப்பினார். தறியோசை கேட்டு வளரும் சங்கரன்கோவில் மக்களுக்கு, ஆலையிலும் தறிக்கூடத்திலும் உழைக்கும் பெண்பிள்ளைகளின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிறர் விலக்கிய பெண்களின் பக்கம் நிற்கும் துணிவை அம்மையார் பெற்ற இடம் அதுவே.

தமிழகம் வருகை

1893-இல் சமயப் பணிக்காகச் சப்பான் சென்ற அம்மையார், உடல்நலம் குன்றியமையால் அங்கு நெடுநாள் தங்க இயலவில்லை. இலங்கையில் சிலகாலம் இருந்து தாயகம் மீண்டார். பின்னர் 1895-ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியா வந்து பெங்களூரில் தங்கினார். அதன்பின் தம் இறுதிநாள் வரை ஒருமுறையேனும் அவர் தாயகம் திரும்பவில்லை.

திருநெல்வேலியில் பணியாற்றிய வாக்கர் என்னும் போதகரின் துணையால் அவர் 1896-இல் நெல்லைச் சீமைக்கு வந்து தமிழ் கற்றார். பண்ணைவிளையைச் சார்ந்து வாழ்ந்து, தமிழ்ப் பெண்கள் சிலருடன் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். அவருள் தலையாயவர் பொன்னம்மாள் என்னும் இளம் விதவை. அக்குழுவிலிருந்த பெண்கள் தம் பொன்னகைகளைத் தாமே கழற்றி வைத்தனர். நகையே குடும்ப மதிப்பின் அளவுகோலாக விளங்கிய அக்காலத்தில் அது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. வெறுங்கழுத்துடன் தெருவில் நடக்கத் துணிந்த அத்தமிழ்ப் பெண்கள் இல்லையேல் அம்மையாரின் பணி இல்லை என்பதை நாம் மறத்தலாகாது.

வாழ்வைத் திருப்பிய சிறுமி

1901-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பண்ணைவிளையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அம்மையாரின் வாழ்வையே திருப்பியது. பெருங்குளத்தில் கோயில் தாசியர் இல்லம் ஒன்றில் விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி பிரீனா தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அச்சிறுமி முன்னரே ஒருமுறை தப்பித் தூத்துக்குடியிலிருந்த தன் தாயிடம் போய்ச் சேர்ந்தவள். தாயோ அச்சத்தால் மகளை மீண்டும் அவ்வில்லத்தாரிடமே ஒப்படைத்துவிட்டாள். ஓடியதற்குத் தண்டனையாகக் குழந்தையின் கைகளில் சூடு போட்டனர். அக்கைகளைக் கண்ட அம்மையார், இத்தகைய குழந்தைகள் இன்னும் எத்தனை பேர் என்று வினவத் தொடங்கினார்.

தாசி மரபைப் பற்றி ஈண்டுச் சில சொற்கள் கூறுதல் பொருந்தும். இசையையும் ஆடலையும் பல தலைமுறை காத்துத் தந்த பெருமை அம்மரபினர்க்கு உண்டு. மானிய நிலமும் சொத்துரிமையும் பெற்ற பெண்கள் அதில் இருந்தனர். எனினும் காலப்போக்கில் ஆதரவு குன்றிக் கலை பின்னே செல்ல, பொட்டுக்கட்டுதல் என்னும் சடங்கு அறியாச் சிறுமியரைச் செல்வர் சிலரின் இச்சைக்கு ஆளாக்கும் வாயிலாயிற்று. வறுமையால் விற்கப்பட்டவர், நேர்த்திக்கடனாக விடப்பட்டவர், விதவைத் தாய் கைவிட்டவர் எனக் குழந்தைகள் பல வழிகளில் அங்குச் சேர்ந்தனர்.

சட்டம் இல்லாமல் இல்லை. சிறுமியரை விபசாரத்திற்காக விற்பதும் வாங்குவதும் 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே குற்றமாக்கப்பட்டிருந்தன. ஆனால் குழந்தையைத் தத்தெடுத்ததாகக் கூறும்போது குற்றத்தை மெய்ப்பிப்பது அரிதாயிற்று. தப்பி வந்த குழந்தைக்கு இடமளித்தவர்மீதே ஆட்கடத்தல் வழக்கு வரக்கூடும் என்னும் நிலையும் இருந்தது.

டோனாவூர் இல்லம்

1820-களில் கிறித்தவப் பணிக்குப் பொருளுதவி செய்த டோனா என்னும் பிரசியப் பிரபுவின் பெயரால் அமைந்த ஊர் டோனாவூர். பிரீனாவையும் அழைத்துக்கொண்டு அங்குச் சென்ற அம்மையார் சிறுமியர்க்கு இல்லம் அமைத்தார். 1904-ஆம் ஆண்டு முதல் பச்சிளங்குழந்தைகளும் வரலாயினர். தாய்ப்பால் இல்லாத அக்குழந்தைகளை உயிருடன் காப்பதே பெரும்பாடாயிற்று. நோயால் பல குழந்தைகளை அவர் பறிகொடுத்தார். மருத்துவ வசதி வேண்டி, மருத்துவமனை இருந்த நெய்யூரில் சிலகாலம் குழந்தைகள் காப்பகம் நடைபெற்றது. அதன் முழுப்பொறுப்பையும் ஏற்றவர் பொன்னம்மாளே. வாக்கர் 1912-இலும் பொன்னம்மாள் 1915-இலும் மறைந்தது அம்மையார்க்கு இருபெரும் இழப்புகளாயின.

தமிழ் பயில்வோர் நெஞ்சில் நிறுத்தத்தக்க செய்தி ஒன்று இவ்வில்லத்தில் உண்டு. அங்கே பணியாளர், காப்பாளர் என்னும் பதவிப் பெயர்கள் வழங்கவில்லை. குழந்தைகளை வளர்த்த தமிழ்ப் பெண்கள் அக்காள் எனப்பட்டனர். அயல்நாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி எனப்பட்டனர். பின்னர் வந்து சேர்ந்த ஆண்கள் நெல்லை வழக்கப்படி அண்ணாச்சி ஆயினர். ஏமி கார்மைக்கேல் அனைவர்க்கும் அம்மா. உறவினரால் கைவிடப்பட்ட குழந்தைக்கு முதலில் வேண்டுவது சோறும் துணியும் மட்டுமல்ல, உரிமையோடு அழைப்பதற்கு ஒரு முறைப்பெயர் என்பதை அம்மையார் உணர்ந்திருந்தார். பல குழந்தைகளுக்குப் பிறந்தநாள் தெரியாது. ஆதலின் அவர்கள் இல்லத்திற்கு வந்து சேர்ந்த நாளே விழாநாளாகக் கொண்டாடப்பட்டது. விற்கப்பட்ட நாளை மறந்து, வரவேற்கப்பட்ட நாளைக் குழந்தை நினைவிற் கொள்ளும் வழக்கம் அது.

நாடகக் கம்பெனிகளில் விடப்பட்டுச் சீரழிந்த சிறுவரின் நிலையையும் அம்மையார் கண்டார். 1918 முதல் ஆண்குழந்தைகளும் இல்லத்தில் ஏற்கப்பட்டனர். மேற்கு மலையில் நரைக்காடு என்னுமிடத்தில் குழந்தைகள் கோடையைக் கழிக்க ஓர் உறைவிடமும், டோனாவூரில் மருத்துவமனையும் அமைந்தன. 1927-இல் டோனாவூர் ஐக்கியம் முறைப்படி பதிவு பெற்றது. அம்மையார் காலத்தில் அங்குக் காக்கப்பட்ட குழந்தைகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் என்பர்.

எதிர்ப்பும் குறையும்

நெல்லையில் தாம் கண்ட நிலையை உள்ளவாறே உரைக்கும் நூலொன்றை அம்மையார் 1903-இல் வெளியிட்டார். வெற்றிச் செய்திகளையே கேட்டுப் பழகிய இங்கிலாந்து வாசகர் சிலர் அதை நம்ப மறுத்தனர். பிற பணியாளரின் சான்றுரைகளைச் சேர்த்த பின்னரே ஐயம் தணிந்தது.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் புகழ்ச்சியோடு நிறுத்திவிடுதல் முறையன்று. இந்நாட்டுச் சமயங்களை அம்மையார் இருளாகவே கண்டார். அவற்றின் அறத்தையும் அழகையும் அவர் எழுத்துகளில் காண்பது அரிது. குழந்தைகளைத் தம் சமயத்திலேயே வளர்த்தார். பிறந்த குடியின் தொடர்பு அவர்களுக்கு அற்றுப்போயிற்று. 1911-இல் ஒரு வழக்கில் சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்குமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சிறுமியோ சிறுவன் வேடத்தில் இலங்கை வழியாகச் சீனம் வரை கொண்டு செல்லப்பட்டாள். அம்மையார் அறியாமல் நண்பர்கள் செய்த செயல் அது. சட்டத்தை மீறிய செயல் என்பதில் ஐயமில்லை. மாற்றுச் சமயத்தாராகிய நாமும் இவற்றை எண்ணிப்பார்க்கவே வேண்டும். ஆயினும், சூடுபட்ட கைகளோடு ஒரு குழந்தை நம் வாயிலில் வந்து நின்றால் நாம் என் செய்திருப்போம் என்னும் வினாவையும் நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இத்தீமைக்கு எதிரான போர் அயலாரோடு நின்றுவிடவில்லை. தாசி குலத்துத் தாய்க்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இதற்கெதிராகத் தீர்மானம் கொணர்ந்தார். தாம் நேரில் கண்டு துய்த்த கொடுமைகளை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் நாவலாக வடித்தார். 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. அத்தீமையைச் சட்டத்தால் வீழ்த்தியவர்கள் அதன் வலியை உள்ளிருந்து அறிந்த தமிழ்ப் பெண்களே. சட்டம் வருமுன்னரே குழந்தைகளை மடியில் ஏந்தியவர் டோனாவூர் அம்மையார். இருவகைப் பணியும் வேண்டியனவே.

இறுதிக்காலம்

ஆங்கில அரசு 1919-இல் அளித்த கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தை அம்மையார் தயங்கியே ஏற்றார், விழாவிற்குச் செல்லவில்லை. 1931-இல் களக்காட்டில், மருத்துவப் பணிக்கென ஆயத்தமான வீட்டைப் பார்க்கச் சென்றவர் மாலையிருளில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவர் வாழ்வு ஓர் அறைக்குள்ளேயே கழிந்தது. வலியோடு படுத்திருந்தே நூல்கள் பல எழுதினார். 1951-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள் தமது 83-ஆம் வயதில் இயற்கை எய்தினார். தம் கல்லறைக்குக் கல் நாட்டக்கூடாது என்பது அவர் விருப்பம். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீராடும் தொட்டி ஒன்றை வைத்து, தாய் என்னும் பொருள்தரும் ஒற்றைத் தமிழ்ச் சொல்லை மட்டும் பொறித்தனர்.

நிறைவாக

பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் குழந்தையை விலைபேசும் கை ஒழிந்துவிட்டதா? வேலை வாங்கித் தருவதாகவும், மணம் முடித்து வைப்பதாகவும், திரைப்படத்தில் வாய்ப்பளிப்பதாகவும் கூறி ஏழைப் பெண்பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இன்றும் உளர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களினின்று காக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. 1098 என்னும் தொலைபேசி எண்ணும் உள்ளது. எனினும் சட்டம் வாயில் வரையே வரும். வாயிலைத் திறக்கும் கை நம்முடையதாக இருத்தல் வேண்டும்.

அநாதைகளை அரவணைப்பது நம் மார்க்கம் நம்மேல் விதித்த கடமை. பெண்மகவை உயிரோடு புதைத்த அரபு மண்ணில் அக்கொடுமையைத் தடுத்த நெறி நம்முடையது. அந்நெறியைப் போற்றும் நாம், அஞ்சி ஓடிவந்த மகளைத் திருப்பி அனுப்பிய தாயைப் போல, மானம் கருதி நம் வீட்டுப் பிள்ளையின் துயரத்தை மூடி மறைத்துவிடலாகாது. வீட்டிலோ வகுப்பிலோ ஒரு பெண்பிள்ளை தன் துன்பத்தைச் சொல்ல வாய் திறந்தால், அவளை நம்புவதே முதல் தொண்டு. பண்ணைவிளையில் அன்று ஒரு சிறுமி நம்பப்பட்டாள். டோனாவூர் வரலாறு அங்கிருந்தே தொடங்கிற்று.