யானை மேலிருந்து தேக்கு எண்ணிய ஜெர்மானியர்: காட்டின் வளர்ச்சியை அளக்க இந்தியா எப்படிக் கற்றது?

இந்தியக் காடுகளில் 728.55 கோடி டன் கார்பன் சேர்ந்திருக்கிறது. முந்தைய மதிப்பீட்டைவிட இது 8.15 கோடி டன் அதிகம். 2024 டிசம்பரில் வெளியான 'இந்திய வன நிலை அறிக்கை 2023' சொல்லும் கணக்கு இது. செய்தியில் பார்த்துவிட்டு ஸ்க்ரோல் செய்து போயிருப்பீர்கள். ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஒரு நாட்டின் மொத்தக் காட்டையும் எந்தத் தராசில் வைத்து எடை போட்டார்கள்?

யாரும் எடை போடவில்லை. கொஞ்சம் மரங்களை அளந்து, அதை வைத்து முழுக் காட்டையும் கணித்தார்கள். இந்த வழியை இந்தியத் துணைக்கண்டத்துக் காடுகளில் பெரிய அளவில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டீட்ரிச் பிராண்டிஸ். கார்பன் கணக்கு என்ற பேச்சே இல்லாத காலத்து மனிதர். ஆனால் இன்றைய கணக்கின் பலமும் பலவீனமும் அவர் வாழ்க்கையிலேயே தெரிகின்றன.

யார் இந்த பிராண்டிஸ்?

1824-ல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர். படித்தது தாவரவியல். பான் பல்கலைக்கழகத்தில் அதையே கற்பித்தும் வந்தார். வனத்துறை அதிகாரியாக அவர் பயிற்சி பெற்றவரே இல்லை.

அவரை இந்தப் பக்கம் இழுத்தது குடும்ப உறவு. அவருடைய மனைவி ரேச்சல், வங்காளத்தின் செராம்பூரில் இருந்த மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மேனின் மகள். ரேச்சலின் சகோதரியைக் கட்டியவர் ஆங்கிலேயப் படைத் தளபதி ஹென்றி ஹாவ்லாக். இந்தத் தொடர்பு வழியாக பிராண்டிஸின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி வரை போனது.

டல்ஹவுசிக்கு அப்போது ஒரு தலைவலி இருந்தது. 1852 போரில் பர்மாவின் பெகு பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது. அங்கே தேக்கு ஏராளம். கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். ஆனால் தெற்கே தெனாசெரிம் பகுதியில் வியாபாரிகளை இஷ்டத்துக்கு வெட்டவிட்டதில், நல்ல தேக்கெல்லாம் சில பத்தாண்டுகளில் காலியாகியிருந்தது. பெகுவுக்கும் அதே கதி வரக்கூடாது. 1856-ல் பெகு காடுகளின் பொறுப்பு பிராண்டிஸிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 31.

காட்டை எப்படி எண்ணினார்?

வருஷத்துக்கு எத்தனை மரம் வெட்டினால் காடு குறையாது? அவர் முன் இருந்த கேள்வி இதுதான். பதில் சொல்ல இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இப்போது எத்தனை மரம் இருக்கிறது, அவை எவ்வளவு வேகமாக வளர்கின்றன.

முதல் கேள்விக்கு அவர் கண்ட வழி எளிமையானது. யானை மேல் ஏறி, காட்டின் குறுக்கே ஒரு கோடு போல நேராகப் போவார். பாதையின் இருபக்கமும் குறிப்பிட்ட தூரத்துக்குள் தென்படும் ஒவ்வொரு தேக்கையும் சுற்றளவைப் பார்த்து வகை பிரிப்பார். 6 அடிக்கு மேல் இருந்தால் முதல் வகுப்பு, நாலரை முதல் 6 அடி வரை இரண்டாம் வகுப்பு, அதற்குக் கீழே மற்றவை. கையில் வகுப்புக்கு ஒரு குச்சி வைத்திருப்பார், மரம் தெரிந்ததும் அந்தக் குச்சியில் கத்தியால் ஒரு கீறல் போடுவார் என்று வனவியல் மாணவர்களுக்கு இன்றும் கதை சொல்வார்கள். மாலையில் கீறல்களை எண்ணினால் அந்தப் பட்டையில் இருந்த மரங்களின் கணக்கு கிடைத்துவிடும். அதை வைத்து முழுக் காட்டுக்கும் மதிப்பு போடுவார். உங்க ஆபீஸ் பாஷையில் சொன்னா, சாம்பிள் சர்வே.

இரண்டாம் கேள்விக்குத் தேக்கே உதவியது. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது. தேக்கு அந்த விஷயத்தில் விதிவிலக்கு. வெட்டிய அடிமரத்தில் வளையங்களை எண்ணினால் வயது தெரியும், வயதோடு சுற்றளவைப் பொருத்தினால் வளர்ச்சி வேகம் தெரியும்.

ஒரு உதாரணம். ஒரு காட்டில் 2,400 முதல் வகுப்பு மரங்களும் அதே அளவுக்கு இரண்டாம் வகுப்பு மரங்களும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக வளர 24 ஆண்டு ஆகும் என்றால், வருஷத்துக்கு 100 மரம் வெட்டலாம். கடைசி மரத்தை வெட்டி முடிக்கும்போது அடுத்த செட் தயாராக நிற்கும். வட்டியை மட்டும் எடுத்துச் செலவழித்து, அசலைத் தொடாமல் இருப்பது மாதிரி. மர வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனாலும் முறை நிலைத்தது.

இன்றைய கணக்கில் என்ன மாறியிருக்கிறது?

பிராண்டிஸ் எண்ணியது வெட்டுவதற்கு. நாம் எண்ணுவது மரம் பிடித்து வைத்திருக்கும் கார்பனுக்கு. அடிப்படை முறை மட்டும் அதேதான்.

டேராடூனில் 1981-ல் தொடங்கிய இந்திய வன ஆய்வு நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. செயற்கைக்கோள் படங்களில் காட்டின் பரப்பும் அடர்த்தியும் தெரியும். ஆனால் மரத்தின் தடிமனை அளக்க ஆள் காட்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். நாடு முழுக்க மாதிரி இடங்களைத் தேர்ந்தெடுத்து, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட உங்கள் மார்பு மட்டத்தில், டேப் சுற்றி அளக்கிறார்கள். அந்த அளவைச் சூத்திரத்தில் போட்டால் மரத்தின் கன அளவு வரும். மரக்கட்டையின் அடர்த்தியைச் சேர்த்தால் உலர் எடை வரும். அதில் ஏறக்குறைய 47 சதவீதம் கார்பன். கார்பனை 3.67-ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு. அதாவது ஒரு டன் உலர்ந்த மரம் சுமார் 1.7 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

இத்தோடு வேர், பட்டுப்போன மரம், உதிர்ந்த சருகு, மண் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். இந்தியாவின் காட்டுக் கார்பனில் பெரிய பங்கு மண்ணில்தான் இருக்கிறது. 2030-க்குள் காடுகளும் மரங்களும் வழியாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான கூடுதல் கார்பனைச் சேர்ப்பதாக இந்தியா உலக நாடுகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. 2005-ஐ ஒப்பிட 229 கோடி டன் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்கிறது அறிக்கை.

எண்ணிக்கை யாருக்காக?

பிராண்டிஸ் கதையில் சங்கடமான பகுதி இது.

1864-ல் அவர் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளர் ஆனார். 1883 வரை அந்தப் பதவியில் இருந்தார். டேராடூனில் வனப்பள்ளி வந்தது அவர் காலத்தில்தான். ரயில்வே வேகமாக விரிந்துகொண்டிருந்த நேரம் அது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டும். எண்ணி முடித்த காடு அரசின் சொத்தாக மாறிக்கொண்டிருந்தது. அதில் விறகு பொறுக்கி, மாடு மேய்த்து வாழ்ந்தவர்கள் திடீரென்று அத்துமீறுபவர்கள் ஆனார்கள்.

காடு முழுவதும் அரசுக்கே என்று வாதாடிய அதிகாரிகள் இருந்தார்கள். பேடன் பவல் அவர்களில் முக்கியமானவர். பிராண்டிஸ் நடுவழியை விரும்பினார். கிராமங்களுக்கென்று தனிக் காடுகள் வேண்டும் என்பது அவர் நிலை. 1878 சட்டத்தில் கிராம வனம் என்ற பிரிவு இடம்பெற்றது, ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது.

மதராஸ் அரசு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. கிராம மக்களின் பழைய உரிமைகளைப் பறிக்க முடியாது என்பது அங்கிருந்த வருவாய்த்துறை அதிகாரிகளின் வாதம். 1881-ல் பிராண்டிஸே மதராஸுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு மாகாணத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாடு வனச் சட்டம், 1882 என்ற பெயரில் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் கவனிக்கணும். பிராண்டிஸின் குச்சியில் தேக்குக்கு மட்டும்தான் கீறல். அதே காட்டில் நின்ற மற்ற நூற்றுக்கணக்கான மரவகைகள் அந்தக் கணக்கில் இல்லை. எது எண்ணப்படுகிறதோ அதுவே வளர்க்கப்படும். பர்மா மலைகளில் கரென் மக்களைக் கொண்டு நெற்பயிருக்கு நடுவே தேக்குக் கன்று நட வைத்த திட்டம் அப்படி வந்ததுதான்.

அதனால் அடுத்த அறிக்கையை எப்படிப் படிப்பது?

அரசு வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 சதவீதத்துக்கு மேல் மர நிழலும் இருந்தால் அது காட்டுப் பரப்பு. அது யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. தைலமரத் தோப்பும் சோலைக்காடும் அந்த வரையறைக்குள் ஒன்றுதான். ஆகவே கார்பன் கூடியது என்று படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கூடியது இயற்கைக் காட்டிலா, தோட்டத்திலா? களத்தில் எத்தனை மரத்தை அளந்தார்கள், எவ்வளவு கணிப்பு? அந்த நிலத்தை நம்பி வாழ்பவர்களுக்கு அதனால் என்ன ஆகும்? உங்கள் கம்பெனி வாங்கும் கார்பன் கிரெடிட்டுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

ஓய்வுக்குப் பிறகும் பிராண்டிஸ் மரங்களை விடவில்லை. ஐரோப்பாவில் இளம் வனவியலாளர்களுக்கு வழிகாட்டினார். அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் கிஃபோர்ட் பின்ஷோ அவர்களில் ஒருவர். இந்திய மரங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1906-ல் வெளிவந்தது. தேக்கு மட்டுமல்ல, துணைக்கண்டத்தின் எல்லா மரங்களும் புதர்களும் அதில் இடம் பெற்றன. அடுத்த ஆண்டு, 83 வயதில், பான் நகரிலேயே காலமானார்.