கல்லை ஆராய்ந்தவர் கண்ட கூத்து

ஜெனீவா நகரை ஒட்டியுள்ள செர்ன் அணு ஆய்வு மையத்தின் வளாகத்தில், இந்திய அரசு அளித்த இரண்டு மீட்டர் உயர நடராஜர் சிலை ஒன்று 2004-ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. அதன் அருகில் உள்ள பலகையில் ஆனந்த குமாரசாமியின் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆடவல்லானின் திருவுருவம் தமிழருக்குப் பழகிய ஒன்று. அதை எப்படிப் பார்ப்பது என்று உலகுக்குச் சொல்லித் தந்தவர் தொழில்முறையில் ஒரு நிலவியலாளர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பில் அவர் பிறந்தார். தந்தை சர் முத்துக்குமாரசாமி யாழ்ப்பாணத் தமிழ் மரபினர். இங்கிலாந்தில் வழக்குரைஞர் தகுதி பெற்றவர். அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயப் பெண்மணி. இலங்கை அரசியலில் புகழ்பெற்ற பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் ஆனந்தருக்கு அத்தை மக்கள். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை காலமானார். பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்தார். பிறந்த மண்ணையும் தந்தைவழிப் பண்பாட்டையும் பின்னாளில் அவர் முயன்று தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தேடலே அவருடைய கண்ணைக் கூர்மையாக்கியது என்று நான் கருதுகிறேன்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் படித்துவிட்டு, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்தார். தோரியனைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தவர் அவரே. பாறைகளைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றவரின் பார்வை மெல்ல மெல்ல மனிதர்கள் மீது திரும்பியது. கண்டிப் பகுதியின் கொல்லர், தச்சர், நெசவாளர், ஓவியர் ஆகியோரிடம் பேசினார். கருவிகளின் பெயர்களையும் அளவு முறைகளையும் சடங்குகளையும் குறித்துக்கொண்டார். உடன் சென்ற மனைவி எத்தல் ஒளிப்படங்கள் எடுத்தார். புத்தர் சிலைக்கு இறுதியாகக் கண் எழுதும் சடங்கு வரை அவர்களது பதிவு நீண்டது. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அந்நூல் 1908-இல் வெளிவந்தது. வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தைக் கொண்டே ஓராண்டுக்கு மேல் உழைத்து 425 படிகள் அச்சிட்டார். கைவினையைப் பற்றிய நூல் கையாலேயே உருவாக வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

அக்காலத்தில் இந்தியச் சிற்பத்தை ஐரோப்பா எப்படிப் பார்த்தது என்பதற்கு 1910-இல் லண்டன் கலைக்கழகக் கூட்டம் ஒன்றில் நிகழ்ந்தது சான்று. இந்தியக் கைத்தொழில்கள் பற்றிப் பெரிய நூல் எழுதிய சர் ஜார்ஜ் பேர்ட்வுட், ஜாவாவின் புத்தர் சிலை ஒன்றை வேகவைத்த மாவுப் பண்டத்தோடு ஒப்பிட்டார். அவரை அறியாதவர் என்று தள்ளிவிட முடியாது. பல்லாண்டுகள் இந்தியப் பொருள்களோடு பழகியவர் அவர். தகவல்கள் எல்லாம் கையில் இருந்தும் அவருக்குச் சிலை புலப்படவில்லை. அந்தச் சர்ச்சையை அடுத்துத்தான் லண்டனில் இந்தியா சொசைட்டி உருவானது. அதன் தொடக்க கால உறுப்பினர்களில் குமாரசாமியும் ஒருவர்.

பேர்ட்வுட் போன்றோருக்கு அவர் அளித்த உண்மையான விடை இரண்டாண்டு கழித்துச் சென்னையிலிருந்து வெளிவந்தது. ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை தொடங்கிய சைவ இதழான 'சித்தாந்த தீபிகை'யில், 1912-இல், சிவனின் நடனம் பற்றிய கட்டுரையை எழுதினார். 'உண்மை விளக்கம்', 'திருமந்திரம்' ஆகியவற்றின் துணையோடு அவர் அந்த உருவத்தைப் படித்தார். உடுக்கையில் படைத்தல், அமைத்த கையில் காத்தல், ஏந்திய தீயில் அழித்தல், ஊன்றிய பாதத்தில் மறைத்தல், தூக்கிய திருவடியில் அருளல் என ஐந்தொழிலும் ஒரே உடலில் நிகழ்வதை எடுத்துக்காட்டினார். இவற்றில் அவர் புதிதாகக் கண்டுபிடித்தது ஏதுமில்லை; அனைத்தும் சைவ நூல்கள் சொன்னவையே. ஆயினும் சாத்திரத்தையும் செப்புத் திருமேனியையும் உலக வாசகர் முன் ஒருசேர வைத்து, ஒன்றின் வழியே மற்றொன்றைப் பார்க்கச் செய்தவர் அவர். இன்று அறிவியலாளர்கள் வரை வழங்கும் பிரபஞ்ச நடனம் என்னும் கருத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸில் சிற்பி ரொதேனும் சென்னை அருங்காட்சியகத்து நடராஜரின் ஒளிப்படங்களைக் கண்டு எழுதினார். தத்துவம் எதுவும் அறியாத நிலையில், சதையையும் நிழலையும் மட்டுமே கண்டு வியந்த எழுத்து அது. 1921-இல் அது குமாரசாமியின் எழுத்தோடு ஒரே தொகுதியில் வெளிவந்தது. இருவரில் யார் சிலையை அதிகம் கண்டார் என்று கேட்டால், எனக்கு விடை சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

ரசிப்பது என்றால் என்ன என்று குமாரசாமி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1918-இல் வந்த கட்டுரைத் தொகுப்பில், தனஞ்சயனின் 'தசரூபக'த்திலிருந்து ஓர் உவமையை எடுத்து விளக்கினார். மண் யானையை வைத்து விளையாடும் குழந்தையின் மகிழ்ச்சிக்கு ஊற்று அந்த மண் அன்று, குழந்தையின் கற்பனையே. கலைப்பொருள் வெறும் தூண்டுகோல். சுவை ரசிகனின் உள்ளத்தில் பிறக்கிறது. சிற்பி தியானத்தில் உருவத்தைக் கண்டு பிறகு உளியை எடுத்தான் என்றால், பார்ப்பவனும் அந்தத் தியானத்தில் ஓரளவாவது நுழைந்தாக வேண்டும். ஆக, ரசிகனுக்கும் உழைப்பு உண்டு. நாம் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டு அடுத்த தூணுக்கு நகர்ந்துவிடுகிறோம். அந்த உழைப்பு நமக்கு நினைவுக்கே வருவதில்லை.

தாம் திரட்டிய ராஜபுத்திர ஓவியங்களைக் கொண்டு காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைக்க அவர் முன்வந்தார். ஆதரவு கிட்டவில்லை. 1917-இல் அத்தொகுப்பு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவரும் அங்கேயே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளரானார். அதே ஆண்டில், பின்னாளில் ஆந்திர விடுதலைப் போராட்ட வீரராகப் புகழ்பெற்ற துக்கிரால கோபாலகிருஷ்ணய்யாவுடன் சேர்ந்து 'அபிநய தர்ப்பண'த்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒளிப்படத்தைக் கலையென்று ஏற்க அருங்காட்சியகங்கள் தயங்கிய 1924-இல், ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் படங்களைப் பாஸ்டன் தொகுப்பில் சேர்த்தவரும் இவரே. மரபை மட்டுமே போற்றியவர் என்று அவரை வகைப்படுத்துவோர் இதைக் கவனிப்பதில்லை.

அவரிடம் நான் ஏற்க இயலாதவையும் உண்டு. கைவினைத் திறனைத் தலைமுறைகளுக்குக் கடத்திய அமைப்பு என்ற அளவில் சாதியைப் பார்த்து, அதற்காக வாதாடினார். அந்தத் திறனுக்காகக் கைவினைஞன் கொடுத்த விலையை அவர் எழுத்தில் தேடினால் கிடைப்பதில்லை. உளியின் ஓசையைக் கேட்ட காதுக்கு உளி பிடித்தவனின் பசி கேட்காமல் போனது பெரிய குறைதான்.

பிற்காலத்தில் அவரது சிந்தனை மேலும் கடுமையானது. ரசனை உணர்ச்சியோடு நின்றுவிடுவதை ஏற்க மறுத்தார். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று அறியாமல் அதை அழகென்று பாராட்டுவதில் பொருளில்லை என்றார். வழிபடவும் உடுக்கவும் உண்ணவும் செய்யப்பட்டவை கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதே ஒரு பண்பாடு உடைந்துபோனதன் அடையாளம் என்று, அருங்காட்சியகத்தில் ஊதியம் பெற்றுக்கொண்டே எழுதினார். இந்த முரண்பாடு இன்று நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. திருட்டுக்கு அஞ்சித் தமிழகக் கோயில்களின் செப்புத் திருமேனிகள் பல, திருவாரூர் போன்ற இடங்களிலுள்ள பாதுகாப்பு மையங்களில் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. திருடர் கைக்கு அவை தப்பியிருக்கின்றன. ஊராரின் கண்ணுக்கும் தப்பிவிட்டன. அருங்காட்சியகத்தில் ஒரு திருமேனியைப் பார்க்கவாவது முடிகிறது. வீதியுலா வர வார்க்கப்பட்ட மூர்த்தியை இருட்டறையில் வைத்துவிட்டு, சோழர் கலையைப் பற்றி நாம் விழா எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முப்பது ஆண்டுகள் பாஸ்டனில் பணியாற்றிய குமாரசாமி, 1947 ஆகஸ்ட் 22 அன்று எழுபது வயதை நிறைவு செய்தார். இந்தியா விடுதலை பெற்று ஒரு வாரமே ஆகியிருந்தது. நண்பர்கள் அளித்த விருந்தில், அடுத்த ஆண்டு பணியிலிருந்து விலகி இந்தியாவுக்குத் திரும்பித் துறவு வாழ்வை ஒத்த அமைதியில் இருக்கப்போவதாக அறிவித்தார். பதினெட்டு நாள்கள் கழித்து, செப்டம்பர் 9 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீதம் என்னும் ஊரில் தம் இல்லத்தில் காலமானார்.